கறுப்பு பிலிமுக்கு அபராதம்! வெள்ளைப் புள்ளிக்கு?

திருநீர்மலை அடிவாரத்தில் மாலை 6 மணிக்கு நின்று பாருங்கள். பல்லாவரம் பக்கமிருந்து வரும் கார், வேன் கண்ணாடிகளில் மேற்கு வெயில் நேராக அடிக்கும். பாதிக் கண்ணாடிகளில் அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் புள்ளிகள்!

அழுக்கு என்று நினைத்தால் தப்பு. தினமும் கழுவுகிற வண்டிகள்தான் அவை. கழுவக் கழுவத்தான் புள்ளி கூடுகிறது.

விபத்துச் செய்திக்குப் போலீஸ் நிலையம் ஏறி இறங்குகிறவன் நான். இரவு விபத்து என்றால் டிரைவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதிர் லைட் கண்ணைக் கூசிடுச்சு சார்." எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். வண்டியின் கண்ணாடியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன மாதம்தான் புத்தி வந்தது. தெரிந்தவர் ஒருவரின் காரில் இரவு திரும்பினேன். எதிரே லாரி வந்தது. முன்கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியும் பல்பு மாதிரி எரிந்தது. ரோட்டோரம் கூடையோடு நின்ற அம்மா, வண்டி கிட்டே போன பிறகுதான் தெரிந்தார். பிரேக்! கூடை கவிழ்ந்தது. ஆள் தப்பினார்.

"தினமும் கழுவித் துடைக்கிறேனே!" என்றார் நண்பர்.

எந்தத் தண்ணி?

கேட்டேன். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணியாம். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்! ஆனால் குடத்துக்கு வராமல் மெஷின் பிரித்த உப்பெல்லாம் எங்கே போகும்? அந்தக் கழிவுக் குழாயில்தான். போர் தண்ணியைவிட உப்பு கூடின தண்ணி அது. தரை துடைக்கலாம், கக்கூசுக்கு ஊற்றலாம். கண்ணாடிக்கு ஆகாது.

போர் தண்ணி மட்டும் யோக்கியமா? பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த கதை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த 600 கணக்கில் 10 லிட்டர் வாளியில் 6 கிராம்! வெயில் தண்ணியைக் குடித்துவிடும். சுண்ணாம்பு கண்ணாடியில் தங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

மளிகைக் கடை வினிகரில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து, துணியை நனைத்து, நிழலில் 10 நிமிடம் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள். பெயிண்டில் வழியவிடாதீர்கள். பிறகு துடைத்து, நல்ல தண்ணியில் கழுவி, ஈரம் காயுமுன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வெண்கலக் குடத்துக்கு வீட்டில் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அதே கணக்கு. பிளேடால் சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும். வைப்பரை உலர்ந்த கண்ணாடியில் ஓட்டினாலும் அப்படித்தான்.

சில வாஷிங் ஷெட்டுகளில் பாத்ரூம் ஆசிட்டைத் தொட்டுத் தேய்க்கிறார்கள். பெயிண்ட் போகும், ரப்பர் போகும். அதைவிட, கையுறைகூட இல்லாமல் அந்தப் புகையை மூச்சில் இழுக்கிற பையனை யார் கேட்பது?

முன், பின் கண்ணாடி 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமை எடுக்கச் சொன்னது. போலீசார் மடக்கி அபராதம் போட்டார்கள். வெள்ளைப் புள்ளியோ வெளிச்சத்தைத் தடுப்பதைவிடச் சிதறடிப்பதுதான் அதிகம்; மீட்டர் வைத்தாலும் தப்பிவிடலாம். ஆளேற்றும் வேன், ஆட்டோவுக்கு எப்.சி. கொடுக்கும்போது இருட்டில் நிறுத்தி, கண்ணாடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் என்ன? செலவு ஒரு டார்ச்!

மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கை ஆழ்வார் 6 மாதம் காத்திருந்தார் என்று தலபுராணம் சொல்லும் ஊர் இது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியிலும் சேர்ந்தாச்சு. தெருவுக்குத் தெரு போர் தண்ணியைச் சோதித்து, எத்தனை கடினம் என்று போர்டு வைக்கச் சொல்லிக் கேட்கிறோம்.

நண்பர் இப்போது மாடியில் பிடித்த மழைத் தண்ணியில்தான் கார் கழுவுகிறார். மூன்று தடவை வினிகர் போட்டாச்சு. டிரைவர் பக்கம் சுத்தம். இடது பக்கம் நாலு புள்ளி கண்ணாடியையே அரித்துவிட்டது. போகவில்லை.