கல்வெட்டில் இல்லாத அன்னை

யாழ்ப்பாணத்திலே ஒருவர் மறைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிறைவுற்றதும் வந்தவர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதனை வழங்குவர். முகப்பிலே படம், உள்ளே திருமுறைப் பாடல்கள், திதி வெண்பா, வமிசாவளி, கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். அரசர்க்கும் புலவர்க்கும் மட்டுமன்றி, எளிய குடியிற் பிறந்தார்க்கும் அச்சிலே ஓரிடம் தரும் இம்மரபு போற்றத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட துயரை அறிந்த நமக்கு, ஏட்டில் எஞ்சும் ஒவ்வொரு வரியும் செல்வமே.

ஆயினும், ஒரு பெண்மணியின் மலரைப் புரட்டிப் பாருங்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னின்னாரின் தாய், பேர்த்தி, அவ்வளவே. புலம்பற் பாக்களிலே 'குலவிளக்கு' என்பார். 'அன்பின் உறைவிடம்' என்பார். பெயரை மாற்றினால் அப்பாக்கள் அயல்வீட்டு அம்மையாருக்கும் பொருந்தும்.

1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேரும் முறையைப் பதிந்து வைத்தது. காணி உறுதியிலே தாய், பாட்டி, பூட்டி என்னும் பெண்வழி தெரிகின்றது; காணிக்கு நாற்புறத்து எல்லையும் தெரிகின்றது. அவர்கள் வாழ்ந்த வாழ்வு மட்டும் எவ்வேட்டிலும் தெரியவில்லை.

இக்குற்றத்தைப் பிறர்மேற் சுமத்த நான் முன்வரவில்லை. என் தாயார் மறைந்தபோது மலர் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அம்மா எத்தனையாம் வகுப்புவரை படித்தார் என்று அச்சகத்தார் கேட்டார். 30 ஆண்டுகள் மாணாக்கர் இடாப்பைப் பேணிய ஆசிரியனாகிய நான் விடையின்றி நின்றேன். வழக்கமான புலம்பல்களே அச்சேறின.

மலர் கொடுத்து முடிந்த பின்னரே சின்னம்மா ஒரு செய்தி சொன்னார். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்த இரவிலே, நாங்கள் உறுதிகளையும் சான்றிதழ்களையும் தேடிக்கொண்டிருக்க, அம்மா கத்தரி விதையையும் பயற்றை விதையையும் பழஞ்சேலைத் துண்டில் முடிந்து எடுத்து வந்தாராம். தென்மராட்சியில் நாங்கள் தங்கிய வளவிலே அவ்விதைகள் முளைத்தன. அக்காயை உண்டவன் நான். அது எங்கிருந்து வந்ததென்று கேட்டவன் அல்லன்.

துக்க வீட்டிலே கத்தரி விதையின் கதை எதற்கு என்பார் உளர். பற்றெல்லாம் துறந்த பட்டினத்தடிகளே தாயின் ஈமத்தின் முன் நின்றபோது, அவள் சுமந்ததையும் வளர்த்ததையும் எண்ணியன்றோ பாடினார்! செய்கையைச் சொல்லாத புகழ் எவரையும் நம் கண்முன் நிறுத்தாது.

ஆதலின், புலம்பல்கள் இருக்கட்டும்; அவற்றோடு இரண்டு பக்கம் உரைநடை சேர்ப்போம். கணவர் ஒன்று, மகள் ஒன்று, பேரன் ஒன்று என, தாம் கண்ட ஒரு செய்தியைச் சொல்லட்டும். படித்த பள்ளி, கைவைத்தியம், கட்டிய சீட்டு, மீட்ட நகை, தனியே எடுத்த ஒரு முடிவு, எதுவாயினும் ஆகுக. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே இத்தகைய மலர்கள் பல சேர்ந்து வருகின்றன; நாளை நம் சமூக வரலாற்றை எழுதுவோன் அவற்றைத்தான் தேடி வருவான்.

மாணாக்கரே, அந்த இரண்டு பக்கத்துக்கான செய்தியை 31ஆம் நாளுக்குள் திரட்ட இயலாது. உங்கள் பாட்டி இன்று திண்ணையில் இருப்பாராயின், இன்றே அருகிருந்து கேளுங்கள்.