பொறி வைத்தவன் யார்?

நாற்றுப் பறித்து வாங்கிய கூலி, முத்துப்பேட்டை கடைத்தெருவைத் தாண்டுமுன்பே மூன்று நம்பர் லாட்டரிக்குப் போய்விட்டதென்றால், தொழிலாளியைப் பேராசைக்காரன் என்று ஏச ஆள் நிறைய உண்டு. நாம் கேட்பது வேறு: பொறி வைத்தவன் யார்?

ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் புறாக்களைக் கொண்டு சோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்றே தெரியாமல் பழகிய புறாவோ, நின்ற பின்னும் ஆயிரக்கணக்கில் கொத்திக் கொண்டேயிருக்கும். சூதாட்ட யந்திரத்தின் சூட்சுமமும் இதுவே. போதாதென்று, 1984ல் அமெரிக்காவில் பேட்டண்ட் பெற்ற ஒரு முறையால், கண்ணுக்குத் தெரியும் சக்கரம் வேறு, முடிவு செய்யும் கணக்கு வேறு என்றாயிற்று. பரிசு மயிரிழையில் தவறியதுபோல் அடிக்கடி காட்ட முடிந்தது. தவறியவன் எழுந்து போகமாட்டான். மீண்டும் காசு போடுவான்.

நம்மூர்ச் சீட்டிலும் இதே கதைதான். 345 வாங்கியவனுக்கு 346 விழுகிறது. "ஒரே எண்ணில் போச்சே!" என்று மறுநாளும் வாங்குகிறான். தோழர்களே, கணக்குப் பாருங்கள்! எண்கள் ஆயிரம். தினம் ஒரு சீட்டு வாங்கினால், சராசரியாக ஆயிரம் நாளைக்கு ஒருமுறைதான் எண் பொருந்தும். நேற்று தவறிய எண்ணை நாளைய குலுக்கல் அறியாது.

1968ல் தமிழக சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. பின்னர் 'சுரண்டல் லாட்டரி' வந்தது; பெயரிலாவது பொய் இல்லை! 2003ல் லாட்டரிக்குத் தடை வந்தது. சூதாட்டம் செல்போனுக்குள் புகுந்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக சட்டமன்றம் 2022ல் நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் திருப்பியனுப்பினார். மீண்டும் நிறைவேற்றிய பிறகே 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்தாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில்தான் நிறைவேற்றியது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. தெருவில் சீட்டு விற்கும் ஏழையைப் பிடித்துவிட்டு, பின்னால் நின்று முதல் போடுபவனை விட்டுவிடக் கூடாது. சூதில் கடன்பட்ட தோழனை ஏளனம் செய்யாமல், அவன் கணக்கைக் கூட உட்கார்ந்து பார்க்கச் சங்கங்கள் முன்வர வேண்டும். வேலையற்ற மாதங்களிலும் அடுப்பு எரிய வழி வேண்டும். அதைக் குலுக்கல் தராது. கூலி உயர்வைக் குலுக்கலில் எவரும் பெற்றதில்லை. கூடி நின்றே பெற்றோம்.