கமராவும் கலப்பையே!

உழவனுக்குக் கலப்பை எவ்வாறோ, படப்பிடிப்பாளனுக்குக் கமராவும் அவ்வாறே. 1990இல் போரினால் தெல்லிப்பழையை விட்டு வெறுங்கையோடு வெளியேறிய நம்மவர் பலர், மீண்டுவந்து கடன்பட்டே தொழிற்கருவிகளை வாங்கினர். அக்கருவிக்கு இட்ட முதலையும் இலாபமென எண்ணி வரி கட்டுவது முறையா?

முறையன்று என்கிறது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். தொழிலுக்கு வாங்கிய கமராவின் விலையை 5 ஆண்டுகளில் சமபங்காகக் கழிக்கலாம். 5 இலட்சம் ரூபா கமராவுக்கு ஆண்டுதோறும் 1 இலட்சம். உழவரின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே நீதி. சொந்தப் பாவனைக்குரிய பங்கு மட்டும் கழிவாகாது.

இஃது அரசு இடும் பிச்சையன்று. சட்டம் தந்த உரிமை. இதனை ஊர்தோறும் தமிழில் எடுத்துரைப்பது அதிகாரிகளின் கடன். பற்றுச்சீட்டைப் பேணிக் கணக்கெழுதுவது நம் கடன். சீட்டில்லா உரிமை ஏட்டுச் சுரைக்காயே!