கையெழுத்தில்லாத பட்டியல்கள்

பட்டியல் போடுவது விமர்சனமாகாது என்று சொல்வது நம்மிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. க.நா.சு.வை மறுக்கிறவர்கள் முதலில் எடுக்கும் கல் இதுதான். பெயர்களை அடுக்கினார், காரணம் சொல்லவில்லை என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அவர் அடுக்கியது அவருடைய ரசனையின் பேரில். தப்பென்றால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார்.

1930களில் பாரதி மகாகவியா என்று கல்கியும் வ.ரா.வும் மோதிக்கொண்டது தரவரிசைச் சண்டைதானே? அந்தச் சூட்டில்தான் கு.ப.ரா.வும் சிட்டியும் பாரதியைத் திரும்பப் படித்தார்கள். 'கண்ணன் என் கவி' கிடைத்தது. 1962ல் சி.சு. செல்லப்பா 'புதுக்குரல்க'ளில் 24 கவிஞர்களைச் சேர்த்தார். தேர்வு அவருடையது; ஏச்சும் அவருக்கே. ஒரு வரிசை தப்பென்று பட்டால் கவிதைகளுக்குத் திரும்பிப் போகிறோம். பட்டியலின் உபயோகம் அவ்வளவுதான், அது கொஞ்சமில்லை.

சங்கீதத்தில் நடப்பது வேறு. மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிகள் வரிசையில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை இல்லை. எம்.டி. ராமநாதன் இல்லை. 1968ல் எம்.எஸ். சுப்புலட்சுமி வரும்வரை ஒரு பெண்கூட இல்லை. வீணை தனம்மாள் வாழ்ந்த நகரத்து அகாதமி அது! ராமநாதனின் சவுக்க காலம் ஒருவருக்குப் பிடிக்காமலிருக்கலாம். அதை அவர் எழுதினால் நான் பதில் எழுதுவேன். விருது வரிசையோ யாரை ஏன் விட்டோம் என்று சொல்வதே இல்லை. அதனோடு எப்படி வாதாடுவது?

டிசம்பர் கச்சேரிகளைத் தரம் பிரிக்கும் பத்திரிகைக்காரர்களும் இந்த வசதியில்தான் ஒதுங்குகிறார்கள். 'களை கட்டியது', 'சோபித்தது' என்பவை காரணங்களா? அன்று பாடியது அன்றே காற்றில் போயிற்று என்று முன்பு தப்பித்துக்கொள்ளலாம். இப்போது ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. தோடி ஆலாபனையில் எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் காட்ட வேண்டாமா?

நான் வேலை பார்க்கும் வங்கியில் பத்து ரூபாய் வரவுகூட, பதிந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று தெரியாமல் கணக்கில் ஏறாது. ஒரு கவிஞனின் ஆயுசுக்கால உழைப்பை ஏற்றவும் இறக்கவும் அந்த ஒழுங்குகூட வேண்டாமா?

நம் சிறுபத்திரிகைகளுக்கும் இதில் யோக்கியதை இல்லை. ஆண்டுக் கடைசியில் 'குறிப்பிடத்தக்க கவிஞர்கள்' என்று முப்பது பெயர் போடுகிறோம். முப்பதுமா குறிப்பிடத்தக்கவை? நாளை சாயங்காலம் ஒரே மேஜையில் காப்பி குடிக்க வேண்டிய முகங்கள் என்பதால் சேர்க்கிறோம். இதைப் பரந்த மனசு என்கிறோம். நன்றாக எழுதிய இரண்டு பேர் இந்தக் கும்பலில் காணாமல் போகிறார்கள். புதிதாகப் படிக்க வருகிறவன், கிடைத்த நாலு மோசமான கவிதைகளோடு புதுக்கவிதையையே கைவிட்டுப் போகிறான்.

ஆகவே பட்டியல் போடுங்கள். ஐந்து பெயர் போதும். ஆறாவது பெயர் ஏன் இல்லை என்று ஒரு பக்கம் எழுதி, கீழே உங்கள் பெயரையும் போடுங்கள். மறுப்பதற்கு நான் தயார்.