தரம் பார்ப்பது யார்? தண்டனை யாருக்கு?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மல்லாட்டை ஆயப் போகும் தாய்மார்களுக்குப் படியின் கதை தெரியும். படி நிலக்காரனுடையது, அளப்பவனும் அவனே. அளவு குறைந்தால் கூலி குறைவது மட்டும் நமக்கு! நம் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் கல்லூரிகளையும் இப்படித்தான் அளந்து வருகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 1994-ல் பெங்களூரில் ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீடு, தரச்சான்று மன்றத்தை நிறுவியது. கல்லூரி தன்னைப் பற்றித் தானே அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து பார்ப்பது வழக்கமாக இருந்தது. ‘ஏ பிளஸ் பிளஸ்’ முதல் ‘டி’ வரை கிரேடு போட்டார்கள். நல்ல கிரேடு வாங்கிய கல்லூரிக்குத் தன்னாட்சி, திட்ட நிதி. வாங்காத கல்லூரிக்கு வெறுங்கை!

அவர்கள் அளப்பது எதை? ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் எப்படி, ஆய்வுக்கூடம் எப்படி என்பதை. இவற்றைக் கொடுக்க வேண்டியது யார்? சர்க்கார்தானே!

திருவண்ணாமலையில் 1966-ல் அரசு கலைக் கல்லூரி திறக்கப்பட்டது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கியது இத்தகைய கல்லூரிகளால்தான். ஆனால் 2024-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்தியோரில் ஏழாயிரம் பேருக்கு மேல் ‘கௌரவ விரிவுரையாளர்கள்’. மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டில் 11 மாதத்துக்கு மட்டுமே. மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லியிருந்தது. பெயரில் கௌரவம், பிழைப்பில் ஆலைப் பதிலியின் கதி! நிரந்தர வேலை தராதது சர்க்கார். மார்க் குறைவது கல்லூரிக்கு. நட்டப்படுவது ஏழைப் பிள்ளை. இது என்ன நியாயம்?

பணமுள்ள இடத்தில் நடப்பதையும் பாருங்கள். 2023 மார்ச்சில் ‘நாக்’ நிர்வாகக் குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன், கிரேடு வழங்குவதில் முறைகேடு பற்றி எழுதிவிட்டுப் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தின் கொனேரு லட்சுமய்யா கல்வி அறக்கட்டளையிடம் ‘ஏ பிளஸ் பிளஸ்’ கிரேடுக்காக ரொக்கம், தங்கம், லேப்டாப் என லஞ்சம் வாங்கப்பட்டதாக எழுந்த வழக்கில் ‘நாக்’ ஆய்வுக் குழுத் தலைவர் உட்பட 10 பேரை சி.பி.ஐ. கைது செய்தது. தரம் சந்தைச் சரக்கானதென்பதே குற்றச்சாட்டு!

“அப்படியானால் மாநிலத்தின் கையில் கொடுத்துவிடலாமே” என்பார்கள். மாநில உரிமை வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமில்லை. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது 1976-ல், நெருக்கடி நிலையின்போது! 2025 டிசம்பரில் லோக்சபையில் வைக்கப்பட்ட ‘விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான்’ மசோதா, தரச்சான்று உள்ளிட்ட அதிகாரங்களை டில்லியின் ஒரே பீடத்தில் குவிக்கத் திட்டமிட்டது. இதை எதிர்ப்போம்.

ஆனால் அதிகாரம் சென்னைக்கு வந்தால் மட்டும் போதாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குப் பிறகு அனுமதி பெற்ற பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. மூடிய அறையில் நடக்கும் சோதனை எங்கு நடந்தாலும் மோசடிக்கே வழி!

மதிப்பீடே வேண்டாம் என்கிறோமா? இல்லை. நல்ல கல்வி நம் பிள்ளைகளின் உரிமை. அதைச் சோதிக்கத்தான் வேண்டும். எனவே கோருகிறோம்:

காலிப் பணியிடங்களை நிரப்பு! கௌரவ விரிவுரையாளருக்கு நிரந்தர வேலை கொடு!

சோதனைக் குழுவில் மாணவர், ஆசிரியர் பிரதிநிதிகளைச் சேர்! அறிக்கையைத் தமிழில் வெளியிடு!

குறைந்த மார்க் வாங்கும் சர்க்கார் கல்லூரிக்கு நிதியை வெட்டாதே, கூட்டிக் கொடு!

தோழர்களே! நோயாளி இளைத்துவிட்டான் என்று கஞ்சியை நிறுத்துகிறவன் வைத்தியனா? ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். கல்லூரி நம் வரிப்பணம். படிப்பது நம் பிள்ளை. படியைப் பிடிக்கும் கையை நாமும் கண்காணிப்போம்!