புறநகரில் நல்ல மெஸ் ஏன் இல்லை?

நம்ம கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. "ஜனங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. பழைய மகாபலிபுரம் சாலையில போய்ப் பாருங்க, வழி நெடுக பீட்சாவும் பொரிச்ச கோழியும்தான். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சியை எவன் கேக்கறான்?" என்பார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் காரணம் நாக்கு இல்லை, வாடகைப் பத்திரம் என்பது என் கருத்து. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் கோப்புகளோடு உட்கார்ந்துவிட்டு இப்போது மண்வெட்டி பிடிக்கிறவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள். மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ சின்னச் சின்ன பழைய கடைகள் இருக்கும். அவற்றில் பலவற்றின் கட்டுமானச் செலவு தாத்தா காலத்திலேயே அடைந்துவிட்டது. அதனால் உரிமையாளர் குறைந்த வாடகைக்கும் விடலாம். ஓர் அம்மா ஒரு கிரைண்டரும் நாலு பெஞ்சும் போட்டு அங்கே மெஸ் தொடங்கிவிட முடியும். நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் நிலைமை வேறு. எல்லாம் புதுக் கட்டடம். நிலத்தின் விலையும் கட்டின கடனும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. சிறு தொழிலும் புது முயற்சியும் பிழைக்கப் பழைய கட்டடங்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் ஜேன் ஜேகப்ஸ் 1961இலேயே தன் நகரங்கள் பற்றிய நூலில் வாதிட்டார். அது நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது, வெளியே பலருக்குத் தெரியாத சங்கதி. வாடகை வரவை வைத்தே வங்கி கடன் தரும். பேர்பெற்ற நிறுவனம் ஒன்று ஒன்பது வருடக் குத்தகை எழுதி, முதல் மூன்று வருடம் காலி செய்யமாட்டேன் என்று பத்திரம் பதிந்தால், வரப்போகிற வாடகையைக் கணக்கிட்டுக் கட்டட உரிமையாளருக்குப் பெருந்தொகை கிடைக்கும். வாடகை நேராக வங்கிக் கணக்குக்கு வந்து தவணை கழியும். அதே இடத்தை மெஸ் நடத்துகிற அக்காவுக்கு விட்டால், அவர் ஒரு நாள் தாமதிக்காமல் வாடகை தந்தாலும் அந்தப் பத்திரத்தைக் காட்டி இப்படிக் கடன் வாங்குவது கஷ்டம். ஆக, கட்டடம் கட்டுகிறவருக்கு அக்காவின் சாம்பார் ருசி கணக்கிலேயே வராது. வாசலில் தொங்குகிற பலகைதான் அவருக்கு ஜாமீன்.

இப்போது அந்த அக்காவின் பக்கம் கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு 1,500 சதுர அடி, அடிக்கு 80 ரூபாய் என்று வையுங்கள். மாத வாடகை 1,20,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் 12 லட்சம். அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே இவ்வளவு. 2015இல் வந்த முத்ரா கடனின் உச்சவரம்பு 10 லட்சம். 2024 பட்ஜெட்டில் 20 லட்சமாக்கினார்கள், அதுவும் ஏற்கெனவே தருண் வகையில் வாங்கி ஒழுங்காகக் கட்டினவர்களுக்கு. கிடைத்த கடனும் அட்வான்சுக்கே பத்தாது. தினம் 4,000 ரூபாய் வாடகை என்றால், 100 ரூபாய்ச் சாப்பாட்டில் முதல் 40 சாப்பாட்டின் முழு விலையும் கட்டட உரிமையாளருக்கே போகிறது. அரிசி, காய், கூலி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதற்கு மேல் சாலை இருக்கிறது. ஆறுவழிச் சாலையில் காரில் போகிறவர் கண்ணுக்குப் பழகின பலகையைப் பார்த்துத்தான் நிறுத்துவார். குடியிருப்பவர்களும் பல ஊர்க்காரர்கள், "அந்த மெஸ்ல வத்தக்குழம்பு நல்லா இருக்கும்" என்று சொல்லக்கூடிய பக்கத்து வீட்டு மாமா அங்கே இன்னும் உருவாகவில்லை. கடை பிடித்து நிற்க ஒரு வருடம் ஆகும். அந்த நட்டத்தைச் சங்கிலி நிறுவனம் மற்ற கிளைகளின் லாபத்தில் தாங்கும். தனிக் கடைக்காரர் நகையை அடகு வைப்பார், அப்புறம் மூடுவார்.

தனிக் கடை புறநகரில் வளரவே வளராது என்று விதியொன்றும் இல்லை. இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் சரவண பவன் 1981இல் தொடங்கியது கே.கே. நகரில், அந்த நகர் அப்போது வளர்ந்துகொண்டிருந்த புதுக் குடியிருப்பு. இன்றும் மாலையானால் புறநகர்ச் சாலையோரம் தள்ளுவண்டியில் இட்லி, தோசை சூடாக விற்கிறது, சுற்றிக் கூட்டம் நிற்கிறது. வண்டிக்கு அட்வான்ஸ் கிடையாது. வாடகை இல்லாத இடத்தில் நாக்கு உயிரோடுதான் இருக்கிறது!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் எல்லாமே. சங்கிலிக் கடைக்கு எல்லாக் கிளையிலும் ஒரே ருசி, ஒரே அளவு, வருடம் முழுக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் வறுவலுக்கான கிழங்கு குஜராத்தின் மெஹ்சானாவில் ஆலை வைத்திருக்கும் மெக்கெய்ன் நிறுவனத்தின் ஒப்பந்த விவசாயிகளிடமிருந்து வருகிறது. ஆலைக்கு நீளமான, ஒரே சீரான கிழங்கு வேண்டும். என் தோட்டத்தில் ஒரு வாரம் புடலை குவியும், மறு வாரம் பீர்க்கன். நாலு மூட்டை தூயமல்லி இருக்கும், நாற்பது மூட்டை இருக்காது. இதை வாங்கக்கூடியது, காலையில் வந்த காயைப் பார்த்து அன்றைய கூட்டை முடிவு செய்கிற மெஸ் மட்டும்தான். அந்த மெஸ் முளைக்காத இடத்தில் நம் சரக்கும் நுழையாது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தின் மேல் நிற்கிற ஊர்களிலேயே நம் அரிசிக்கு இடம் இல்லாமல் போகிறது.

அதனால் ஜனங்களைத் திட்டுவதை விட்டுவிட்டு, செய்யக்கூடியது மூன்று சொல்கிறேன்.

ஒன்று: நம்மில் சாலையோர நிலம் வைத்திருப்பவர்கள் ஒரே பெரிய கூடமாகக் கட்டாதீர்கள். 150, 200 சதுர அடிக் கடைகளாகப் பிரியுங்கள். அட்வான்சை மூன்று மாதமாகக் குறையுங்கள். ஒருவர் காலி செய்தாலும் மற்ற கடைகளின் வாடகை வந்துகொண்டிருக்கும், பெரிய கூடத்தில் அப்படி இல்லை.

இரண்டு: நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மெஸ்களுக்கு வாரக் கணக்கில் சரக்குக் கொடுக்கலாம். தொடங்குகிற முதல் மூன்று மாதத்தில் அந்த ஒரு வாரக் கடனே அவர்களுக்குப் பெரிய முதலீடு. கணக்குப் புத்தகம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

மூன்று: உழவர் சந்தைகள் 1999 முதல் இருக்கின்றன. புதிதாகப் புறநகரில் அமைக்கிற ஒவ்வொன்றிலும் உள்ளூர்ச் சமையலுக்கு நாலு கடை ஒதுக்கும்படி அரசிடம் கேட்போம். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அவர்களுடைய விற்பனைக் குழு கூடும்போது நாமும் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பக்கத்துப் புறநகரில் எத்தனை தனி மெஸ், வாடகை எவ்வளவு, அரிசி எங்கே வாங்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.