ஆறு மாதப் பயிற்சி போதுமா?

நெல்லூர் மாவட்டத்திலிருந்த நாயுடுபேட்டை, 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா போன்ற பெரிய மருத்துவமனைகள் உள்ளன. ஆனால், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டிய கிராமத்து முதியவரால் அவ்வளவு தூரம் அலைய முடியாது. அவருக்கு முதல் மருத்துவர், ஊரிலுள்ள நல வாழ்வு மையத்தின் செவிலியர்தான்.

இந்த ஏற்பாட்டை 2018-இல் மத்திய அரசே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் மூலம் உருவாக்கியது. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு மையம். பேறுகாலக் கவனிப்பு முதல் முதியோர் நலன், மனநலம் வரை 12 வகைச் சேவைகள். இவற்றுக்குப் பொறுப்பேற்கும் செவிலியர் பட்டதாரிகளுக்குத் தரப்பட்டது ஆறு மாத இணைப்புப் பயிற்சி. பின்னர் அதுவும் பட்டப் படிப்புக்குள்ளேயே அடக்கப்பட்டது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் தொடங்கிய முயற்சியே இன்று குடும்ப நலச் செவிலியர் என்ற முதுநிலைப் படிப்பாக வளர்ந்திருக்கிறது. நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அங்கே அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

இந்தியாவிலும் செவிலியருக்கு இத்தகைய இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால், அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது. மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும் பெருநகர மருத்துவமனைக்கு இரண்டாண்டுப் பயிற்சி. மருத்துவரே இல்லாத கிராமத்துக்கு ஆறு மாதப் பயிற்சி. இது என்ன நியாயம்?

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் (2019), சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட மருத்துவ உரிமம் வழங்க வழிசெய்தபோது மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. கிராமத்தாருக்கு மட்டும் இரண்டாம் தர மருத்துவமா என்ற அவர்களது கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அதற்கான விடை, செவிலியரைத் தடுப்பதல்ல, முறையாகப் பயிற்றுவிப்பதே.

இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. இதன் அடிப்படையில் குடும்ப நலச் செவிலியருக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை உருவாக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடைபெற வேண்டும். படித்து முடித்தவருக்கு நிரந்தரப் பதவியும், எந்தெந்த மருந்துகளை எழுதலாம் என்ற தெளிவான சட்ட வரையறையும் வேண்டும். பதவியும் உரிமையும் இல்லாத பட்டம் வெறும் காகிதம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021-இல் தொடங்கிய தமிழகத்துக்கும் இது பொருந்தும். மருந்து வீடு தேடி வந்தால் மட்டும் போதாது. அதை மாற்றவும் நிறுத்தவும் அறிந்தவரும் வர வேண்டும். பொறுப்பைச் செவிலியர் தலையில் சுமத்திவிட்டு, அதற்குரிய கல்வியையும் உரிமையையும் மறுப்பது அவர்களுக்கும் அநீதி. அவர்களை நம்பி வரும் ஏழை நோயாளிக்கும் அநீதி.